பழைய ஜீப்பும் உப்புக் காற்றும்
(தொழில் அறிவுப் பாடம்)

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜீப் என்றால் என்னவென்று சொல்லித் தரவேண்டியதில்லை. துரை மலை பார்க்க வந்தது அதில்தான். நடுராத்திரியில் வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான். லேண்ட்ரோவரோ, வில்லிஸோ, டொயோட்டாவோ, நம் சனங்களுக்கு எல்லாமே 'ஜீப்'தான்.

இந்தப் பாடத்தில் பழைய ஜீப் ஒன்றை மீண்டும் ஓடக்கூடியதாகத் திருத்துவது எப்படி என்று பார்ப்போம். எஞ்சின் மாற்றுவதையும், துரு பிடிக்காமல் பூச்சுப் பூசுவதையும் பற்றிப் படிப்போம். இது யாருக்குத் தேவை? இரண்டு வகையினருக்கு.

முதலாவது, பழைய வண்டி வாங்க நினைக்கும் குடும்பங்கள். 2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. புதிய வண்டி இன்றும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாக்கனிதான். ஆகவே, ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் கைக்கு வரும் ஊழியர் சேமலாப நிதியைக் கொண்டு ஒரு பழைய வண்டியை வாங்கி 'ஹயருக்கு' ஓடலாம் என்று நினைக்கிற குடும்பங்கள் உண்டு. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் அது. ஒரு துருப்பிடித்த இரும்புக்குள் போய் மறையலாமா?

இரண்டாவது, படிப்பு முடிந்து கராஜ் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள். தொழிலைப் பழகும்போதே சரியான ஒழுங்கில் பழகினால் அவர்களுக்கும் நல்லது, அவர்கள் திருத்தும் வண்டியில் ஏறுபவர்களுக்கும் நல்லது.

பாடம் முழுவதற்கும் ஒரே ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் எலும்பு, அடுத்தது பிரேக், பிறகு எஞ்சின், கடைசியில் பெயின்ட்.

ஏன் மட்டக்களப்பு?

மலைநாட்டில் இருந்துகொண்டு மட்டக்களப்பு வாவிக்கரையை உதாரணத்துக்கு எடுப்பானேன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. இரும்புக்கு உப்பு செய்கிற கெடுதலை அங்கேதான் கண்ணால் பார்க்கலாம். அத்துடன், வண்டி ஓரிடத்தில் நிற்பதில்லை. மலையில் ஓடிய ஜீப் கரையோரத்துக்கு விலைப்படும். கரையோரத்தில் ஓடியது மலைக்கு வரும். கடலோரம் பத்து வருடம் நின்ற வண்டி புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டு ஹட்டனுக்கோ பதுளைக்கோ வந்தால் அதன் பழைய கதை நமக்குத் தெரியாது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையை விட்டு வடக்கு கிழக்குக்குப் போய்க் குடியேறிய நம் உறவுகளும் பலர். அவர்களுக்கும் இந்தப் பாடம் உதவும்.

'மீன்பாடும் தேன்நாடு' என்று பெயர் பெற்ற மட்டக்களப்பில் வாவி வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடுப் பக்கத்திலும் கல்லாற்றுப் பக்கத்திலும் அது கடலோடு சேரும். மாரியில், வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது, ஆற்றுநீரும் குளத்து நீரும் வந்து வாவி நிறையும், உப்புக் குறையும். கோடையில் உப்பு ஏறும். வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் மாட்டுப்பட்டியும் நிறைந்த நிலம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

1924இல் கட்டிய கல்லடிப் பாலமும், அதன் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப்பாலமும், 2014இல் திறந்த மண்முனைப் பாலமும் இந்த நீருக்கு மேலாகத்தான் போகின்றன. எழுவான்கரையில் நிற்கும் வண்டிக்கு ஒரு பக்கம் கடற்காற்று, மறுபக்கம் வாவிக்காற்று. படுவான்கரையில் ஓடும் வண்டிக்கோ மாரிச் சேறும் வெள்ளமும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது கரையோரத்து வாகனங்கள் கடல்நீரில் மூழ்கின. 2011 ஜனவரி வெள்ளத்தில் வயல்வெளிகளும் வீதிகளும் நீருக்குள் போயின. இப்படி நீரில் நின்ற வண்டிகளுக்கு வெளியே சேறு கழுவிவிட்டாலும் உள்ளே உப்பும் ஈரமும் தங்கிவிடும்.

துரு என்பது என்ன?

இரும்பும் காற்றிலுள்ள ஒட்சிசனும் நீரும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. நீர் இல்லையென்றால் துரு இல்லை. காற்று இல்லையென்றாலும் இல்லை. அப்படியென்றால் உப்புக்கு என்ன வேலை? துருப்பிடித்தல் என்பது உண்மையில் ஒரு சின்ன பற்றரி வேலை செய்வது போன்றது. இரும்பின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மின் ஓட வேண்டும். நல்ல தண்ணீரில் அது மெதுவாக ஓடும். உப்புத் தண்ணீரில் வேகமாக ஓடும். அதனால்தான் உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் உளுத்துப் போகிறது. இன்னொன்று: உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் உப்புப் படிந்த இரும்பு ஈரமாகவே இருக்கும்.

இரண்டு வகை உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால் இன்னும் ஆபத்து. அலுமினியமும் இரும்பும் தொட்டிருந்தால் அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாக உதிரும். நாகமும் இரும்பும் தொட்டிருந்தால் நாகம் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நமது லயத்துக் கூரைத் தகரத்தைப் பாருங்கள். அது நாகம் பூசிய இரும்பு. நாகப் பூச்சு இருக்கும்வரை சாம்பல் நிறமாக இருக்கும். பூச்சு தேய்ந்து முடிந்த இடத்திலிருந்துதான் சிவப்புத் துரு தொடங்கும். வண்டிக்குப் பூச்சுப் பூசுவதிலும் இதே தத்துவம்தான்.

உடம்பு வேறு, எலும்பு வேறு

லேண்ட்ரோவர் ஜீப்பை முதன்முதலில் 1948 ஏப்ரலில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகர மோட்டார் கண்காட்சியில் காட்டினார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம். இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் வண்டியின் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். ஆனால் அந்த உடம்பைத் தாங்கும் செஸியை உருக்கிலேதான் செய்தார்கள். நான்கு பக்கமும் மூடிய பெட்டிக் குழாய் போல அதை ஒட்டியிருப்பார்கள்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அலுமினிய உடம்பு சிவப்பாகத் துருப்பிடிக்காது. ஆகையால் ஐம்பது, அறுபது வருடத்து லேண்ட்ரோவர் கூட வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே செஸி கரையான் அரித்த மரம் போல இருக்கலாம். பெட்டிக்குழாய்க்குள் சேறும் ஈரமும் போய்த் தங்கினால், துரு உள்ளேயிருந்து வெளியே வரும். வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே பாதி தகடு போயிருக்கும்.

ஒரு கராஜில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறதென்று வைத்துக்கொள்வோம்.

"பாஸ், எஞ்சின் கும்முனு இருக்கு. பெயின்டும் புதுசு. வாங்கிரலாமுங்களா?"

"தம்பி, வண்டிக்குக் கீழ படுத்துப் பாத்தீங்களா?"

"இல்லீங்க பாஸ்."

"அப்ப நீங்க வண்டியப் பாக்கல்ல மனே, பெயின்டத்தான் பாத்திருக்கீங்க. மறுகா வந்து அழப்படாது."

நமது குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஒரு பழைய உடுப்பு, ஒரு டோர்ச், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு கூரான ஸ்குரூ டிரைவர், இவை போதும். விற்பவரின் அனுமதியைக் கேட்டுக்கொண்டு கீழே படுத்துப் பாருங்கள். வெறும் ஜாக்கில் தூக்கிய வண்டிக்குக் கீழே ஒருபோதும் போகக்கூடாது.

1. செஸியைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று மணிபோல ஒலிக்கும். உளுத்த இரும்பு 'டொக்' என்று செத்த சத்தம் போடும்.

2. பின்பக்கக் குறுக்குச் சட்டம், உடம்பைத் தாங்கும் பக்கக் கைகள், ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் இடங்கள் ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் உளுப்பவை இவைதான். ஸ்பிரிங் பிடி கழன்றால் ஓடும்போதே சக்கரம் திசை மாறும்.

3. வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். துருவின் மேல் பூசிய தார் துருவை மறைக்கும், நிறுத்தாது. ஈரத்தை உள்ளே அடைத்து வைத்து இன்னும் வேகமாக உளுக்கச் செய்யும்.

4. செஸியில் தகட்டுக்கு மேல் தகடு வைத்து ஒட்டிய இடங்களை எண்ணிப் பாருங்கள். ஒட்டு கூடக்கூட விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

5. கியர்பொக்ஸ், டிஃப்ரென்ஷல் ஒயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

6. செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழில் இருப்பவைதானா என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

செஸி உளுத்திருந்தால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டி மலிவானது அல்ல.

பூச்சு வேலை: படிப்படியாக

பூச்சு என்பது கடைசியில் அழகுக்கு அடிக்கும் பெயின்ட் மட்டுமல்ல. செஸிக்குப் பூசும் பாதுகாப்புப் பூச்சு முதல் வேலையைச் சேர்ந்தது. ஒழுங்கு இதுதான்.

முதலில் கழுவுதல். நல்ல தண்ணீரால், வேகமாகப் பீய்ச்சி, செஸியின் உள்ளேயும் வெளியேயும் உப்பும் சேறும் போகக் கழுவ வேண்டும். உப்பு இருக்கிற இரும்பின் மேல் எந்த விலையுயர்ந்த பெயின்டைப் பூசினாலும் சில மாதத்தில் கொப்பளிக்கும். கழுவியபின் நன்றாகக் காயவிட வேண்டும். வாவிக்கரையில் கழுவிவிட்டு அன்றிரவு உப்புக் காற்றில் விட்டுவைத்தால் மறுநாள் மறுபடியும் உப்புப் படியும். கழுவிக் காய்ந்ததும் தாமதிக்காமல் அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாவது துருவை எடுத்தல். கம்பி பிரஷ், கிரைண்டர் கொண்டு நல்ல இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். மூலை முடுக்குகளில் மிஞ்சும் மெல்லிய துருவுக்கு, பொஸ்போரிக் அமிலம் கலந்த துருமாற்றித் திரவம் பூசலாம். உதிரும் துருவை அது சரிசெய்யாது. உளுத்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிப்பில் புதுத் தகடு ஒட்ட வேண்டும்.

மூன்றாவது முதற்பூச்சு. நாகத்தூள் நிறைந்த பிரைமர் பூசினால் கூரைத் தகரத்தில் நடப்பதுபோல நாகம் இரும்புக்காகத் தன்னைக் கொடுக்கும். அல்லது இரண்டு டின் கலந்து பூசும் எபொக்சி பிரைமர் பூசலாம். அது நீரையும் காற்றையும் நன்றாகத் தடுக்கும். வெறும் சிவப்பு ஒக்சைட் மாத்திரம் அடித்துவிட்டால் கரையோரத்தில் நிலைக்காது. ஈரம் அதனூடாக இறங்கும்.

நான்காவது மேற்பூச்சு. பிரைமர் காய்ந்தபின் மேலே தடிப்பான பூச்சு. சுமை ஏற்றும் பின்தட்டுக்கு இறப்பர் போலக் கெட்டியாகும் பொலியூரித்தேன் பூச்சு கிடைக்கிறது. மூட்டையும் இரும்பும் உராய்ந்தாலும் அது எளிதில் உரியாது.

ஐந்தாவது உள்ளே பூசுதல். பலர் விட்டுவிடும் வேலை இது. பெட்டிச் செஸியின் துவாரங்கள் வழியாக நீண்ட குழாய் விட்டு உள்ளே மெழுகுப் பூச்சைப் பீய்ச்ச வேண்டும். அடியில் தண்ணீர் வடியும் துவாரங்களை அடைத்துவிடாதீர்கள். அவை அடைபட்டால் செஸி ஒரு தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

அலுமினிய உடம்பை உருக்குச் செஸியில் பூட்டும் இடங்களில் இரண்டுக்கும் நடுவே இறப்பர் அல்லது நைலோன் வொஷர் வையுங்கள். இரண்டு பக்கமும் பெயின்ட் பூசிவிட்டுப் பூட்டுங்கள். முன்பு நாம் படித்த 'பற்றரி' அங்கே வேலை செய்யாமல் நிற்கும்.

பண வசதி உள்ளவர்கள் செஸி முழுவதையும் உருகிய நாகத்தில் முக்கி எடுப்பிக்கலாம். சுமார் 450 பாகை செல்சியஸ் சூட்டில் உருகிய நாகம் உள்ளும் புறமும் போய்ப் படியும். மூடிய குழாயில் காற்று போக வழியில்லாவிட்டால் அந்தச் சூட்டில் அது வெடிக்கலாம். ஆகவே தெரிந்த தொழிற்சாலையில்தான் செய்விக்க வேண்டும்.

பழைய எஞ்சின் ஒயிலைச் செஸியில் பூசுகிற பழக்கம் எங்கும் உண்டு. செலவில்லாத வேலை என்று நினைக்கிறோம். ஆனால் அந்த ஒயில் பிரேக் ஹோஸையும் இறப்பர் புஷ்களையும் ஊதிக் கெடுக்கும். கையில் படப்பட தோலுக்கும் கேடு. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் அதில் உண்டு. மழையில் கழுவுண்டு ஓடைக்கும் வாவிக்கும் போகும். மலையில் நாம் ஊற்றினால் நமது பீலித் தண்ணீருக்கே வரும். வேண்டாம்.

அடுத்தது பிரேக்

எஞ்சினுக்கு முன்னால் பிரேக்கைச் சொல்கிறோமே என்று யோசிக்கலாம். பழைய எஞ்சின் நின்றுபோனால் வண்டி ஓடாது, அவ்வளவுதான். பிரேக் இல்லாவிட்டால் வண்டி நிற்காது. மலைப் பாதையில் அதன் பொருள் நமக்குத் தெரியும்.

பழைய லேண்ட்ரோவர்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். உருக்குப் பிரேக் குழாய்கள் உப்புக் காற்றில் வெளியிலிருந்து அரிபடும். வண்டியைத் திருத்தும்போது குழாய், ஹோஸ், சக்கரச் சிலிண்டர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; அதனால் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நீரில் இறங்கி ஏறிய டிரம் பிரேக் உடனே பிடிக்காது. கரையேறியதும் மெதுவாக ஓடிக்கொண்டே பிரேக்கை இலேசாக அழுத்தி அழுத்திக் காயவைக்க வேண்டும்.

பழைய பிரேக் லைனிங்கில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், இருந்திருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயால் தூசியை ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பொலித்தீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பிறகு எஞ்சின்

பழைய லேண்ட்ரோவரின் 2.25 லீற்றர் பெட்ரோல் எஞ்சின் உழைப்பாளிதான். ஆனால் எண்ணெய் அதிகம் குடிக்கும். ஆகவே நமது நாட்டு கராஜ்களில் அதை எடுத்துவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சின் பூட்டுவது வழக்கமாகிவிட்டது. இசுசு 4ஜேபி1 எனப்படும் 2.8 லீற்றர் எஞ்சின் அவற்றில் ஒன்று.

இதற்கு நம்மைப் போன்ற ஒரு தேயிலை நாட்டிலேயே உதாரணம் உண்டு. இந்தியாவில் டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சன் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூ உச்சிக்குச் சுமார் 31 கிலோமீற்றர் செங்குத்தான கல்பாதை. அதிலே 1950களில் செய்த லேண்ட்ரோவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆள் ஏற்றி ஓடின. வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன வண்டிகள் என்று சொல்வார்கள். அவற்றில் பலவற்றின் மூல எஞ்சின் போய், இந்திய மஹிந்திரா டீசல் எஞ்சின் உள்ளே வந்துவிட்டது. எஞ்சின் மாறியும் வண்டி அதே வண்டியாக ஓடியதற்குக் காரணம் எலும்பு கெட்டியாக இருந்தது. அந்த மலையில் கடலுப்பு இல்லை. அதே வண்டியை வாவிக்கரையில் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த ஆயுள் கிடைத்திருக்குமா?

எஞ்சின் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இவை.

பலம்: புதிய எஞ்சினின் முறுக்குவிசை கூடும்போது பழைய கியர்பொக்ஸும் பின் அக்சில் தண்டும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பழைய லேண்ட்ரோவரின் பின் அக்சில் தண்டு முறிவது தெரிந்த விஷயம். எஞ்சினை மட்டும் பெரிதாக்குவது மெலிந்த ஆளின் தலையில் இரண்டு மூட்டை வைப்பது போல.

வேகம்: பெட்ரோல் எஞ்சின் சுழலும் அளவுக்குப் பழைய டீசல் எஞ்சின் வேகமாகச் சுழலாது. கியர் விகிதம் பொருந்தாவிட்டால் வண்டி இரைச்சலோடு ஊர்ந்து போகும்.

சூடு: ரேடியேட்டரின் அளவும் விசிறியின் இடமும் புதிய எஞ்சினுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கரையோரச் சமநிலத்தில் சூடாகாத எஞ்சின் மலையேறும்போது கொதிக்கலாம்.

மின்: எஞ்சின் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். எஞ்சினுக்கும் செஸிக்கும் நடுவே தடிப்பான 'ஏர்த்' வயர் போடுங்கள்.

வெற்றிடப் பம்பு: இதை அடிக்கோடிட்டு வையுங்கள். பிரேக்கை இலகுவாக்கும் சேர்வோ வேலை செய்ய உறிஞ்சு விசை வேண்டும். பெட்ரோல் எஞ்சின் மூச்சு இழுக்கும்போது அந்த விசை தானாகக் கிடைக்கும். டீசல் எஞ்சினில் பொதுவாகக் கிடைக்காது. அதற்குத் தனியாக வெற்றிடப் பம்பு பூட்ட வேண்டும். பல டீசல் எஞ்சின்களில் அது ஒல்டனேட்டரோடு சேர்ந்தே வரும். பம்பை விட்டுவிட்டு சேர்வோ உள்ள வண்டியில் டீசல் எஞ்சின் பூட்டினால், இறக்கத்தில் பிரேக் மிதி கல்லாகிவிடும்.

ஒரு கணக்கும் செய்து பார்ப்போம். உதாரணத்துக்கு, பெட்ரோல் எஞ்சின் லீற்றருக்கு 6 கிலோமீற்றரும் டீசல் எஞ்சின் லீற்றருக்கு 10 கிலோமீற்றரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால் பெட்ரோல் 100 லீற்றர், டீசல் 60 லீற்றர் வேண்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாதத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். எஞ்சின் மாற்றும் மொத்தச் செலவை அந்த மிச்சத்தால் வகுத்தால், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது தெரியும். நாற்பது, ஐம்பது மாதம் என்று விடை வந்தால், இருக்கிற எஞ்சினைத் திருத்துவதே மேலாக இருக்கலாம்.

சட்டமும் உண்டு

எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றிதழைத் திருத்த வேண்டும். எரிபொருள் வகை மாறினால் அதுவும் பதியப்பட வேண்டும். வாங்கிய எஞ்சினின் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் இருந்தால்தான் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். பதிவில் இல்லாத எஞ்சினோடு விபத்து நேர்ந்தால் காப்புறுதி கேட்பதில் சிக்கல் வரும். அப்போது நட்டம் முழுவதும் குடும்பத்தின் தலையில்.

கராஜுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

இரும்பைக் கூட மாற்றலாம். நுரையீரலை மாற்ற முடியாது. இதைப் பெற்றோரும் படிக்க வேண்டும்.

துருவை எடுக்க மணலைப் பீய்ச்சி அடிப்பது சில இடங்களில் உண்டு. அந்த மணல் தூசி மூச்சோடு போனால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. இரண்டு டின் கலந்து அடிக்கும் பொலியூரித்தேன் பெயின்டின் ஆவியில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். நாகம் பூசிய தகட்டை ஒட்டும்போது வரும் வெள்ளைப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். முகத்தில் கைக்குட்டை கட்டினால் இவை எதுவும் நிற்காது. வேலைக்கு ஏற்ற முகமூடி, காற்றோட்டம், கண்ணாடி மூன்றும் வேண்டும்.

எரிபொருள் டாங்கியை வெற்றாக இருக்கிறதென்று நினைத்து ஒட்டக் கூடாது. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். வண்டியைத் தூக்கினால் ஜாக்கை நம்பாமல் உறுதியான தாங்கி வையுங்கள்.

2021ஆம் ஆண்டு முதல் நமது நாட்டில் வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 16. அபாயகரமான வேலைகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஈடுபடுத்தக் கூடாது. "சும்மா பழகட்டும்" என்று பதினான்கு வயதுப் பிள்ளையை கராஜில் விடுகிற பழக்கத்தை விட்டுவிடுவோம். பள்ளிப் படிப்பை முடித்து, நைற்றா போன்ற அரசாங்கப் பயிற்சி நிறுவனங்களின் வழியே பழகினால் கையில் ஒரு சான்றிதழும் இருக்கும்.

திருத்திய பின்

வண்டி ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடாது. வாவி நீரிலோ வெள்ளத்திலோ இறங்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். கியர்பொக்ஸ், டிஃப்ரென்ஷல் ஒயிலைப் பாருங்கள். மாரி தொடங்குமுன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை கீழே படுத்துப் பார்த்து, பூச்சு உரிந்த இடத்தைத் தேய்த்துத் திருப்பிப் பூசுங்கள். கீறல் சின்னதாக இருக்கும்போது ஒரு பிரஷ் பெயின்ட் போதும். விட்டால் அதே இடத்துக்கு வெல்டிங் தேவைப்படும்.

பிள்ளைகளோடு செய்து பாருங்கள்

நாகம் பூசாத ஐந்து இரும்பு ஆணிகளும் ஐந்து கண்ணாடிப் போத்தல்களும் எடுங்கள். முதற் போத்தலில் காய்ந்த அரிசிக்குள் ஒரு ஆணியைப் போட்டு இறுக்கி மூடுங்கள். இரண்டாவதில் நல்ல தண்ணீரில் பாதி நனையும்படி வையுங்கள். மூன்றாவதில் உப்புத் தண்ணீரில் அப்படியே வையுங்கள். நான்காவது ஆணிக்குக் கிரீஸ் தடவி உப்புத் தண்ணீரில் வையுங்கள். ஐந்தாவதுக்குப் பெயின்ட் அடித்துக் காயவைத்து, ஓரிடத்தில் மட்டும் கீறிவிட்டு உப்புத் தண்ணீரில் வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்து, கண்டதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்விகள்

1. லேண்ட்ரோவரின் உடம்பு நன்றாக இருந்தும் செஸி உளுத்துப் போவது ஏன்?
2. புதிதாகத் தார் பூசிய அடிப்பக்கத்தைக் கண்டால் ஏன் சந்தேகப்பட வேண்டும்?
3. பெட்ரோல் எஞ்சினை எடுத்து டீசல் எஞ்சின் பூட்டும்போது பிரேக்குக்கு என்ன பூட்ட வேண்டும்? ஏன்?
4. ஐந்தாவது ஆணியில் துரு எந்த இடத்தில் தொடங்கியது? உங்கள் வீட்டில் அதுபோல எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

நான்காவது கேள்விக்கு விடை கண்டுபிடிக்கும் பிள்ளை, அப்பா வாங்கப்போகும் வண்டியையும் சேர்ந்து போய்ப் பார்க்கலாம். கூடவே சுத்தியலையும் டோர்ச்சையும் கொடுத்து அனுப்புங்கள்.